படுக்கைக் கணக்கும் பயிற்சிக் கணக்கும்

சிவகங்கை மாவட்டத்தில் செவிலியர் படிப்பும் துணை மருத்துவப் படிப்புகளும் நடத்தும் கல்லூரிகளின் தாளாளர்களுக்கும் முதல்வர்களுக்கும், அந்த மாணவர்களைத் தம் வார்டுகளில் ஏற்றுக்கொள்ளும் மருத்துவமனைகளின் பொறுப்பாளர்களுக்கும்,



நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங் படித்தாலும் மூன்றாண்டு டிப்ளமோ படித்தாலும், ஒரு மாணவி செவிலியராவது வகுப்பறையில் இல்லை, வார்டில்தான். மருந்தின் பெயரையும் அளவையும் புத்தகம் சொல்லிவிடும். நடுங்கும் கையில் நரம்பைத் தேடி வென்ஃப்ளான் போடுவதையும், பிரசவ அறையில் வலியோடு கத்துகிறவரைக் கோபப்படாமல் தேற்றுவதையும், இரவு ஷிஃப்ட்டில் ஒருவரின் மூச்சு மாறுவதைக் கவனித்து டாக்டரை எழுப்புவதையும் ஒரு மருத்துவமனைதான் கற்றுத்தர முடியும். அதற்காகவே நீங்கள் இரு தரப்பும் புரிந்துணர்வு ஒப்பந்தம் போடுகிறீர்கள், காலம் முடிந்தால் புதுப்பிக்கிறீர்கள். அந்த ஒப்பந்தம் நன்றாக நடக்கிறதா என்று எதைக் கொண்டு தீர்மானிக்கிறோம் என்பதுதான் இம்மடலின் கேள்வி. இன்று நாம் படுக்கைகளை எண்ணுகிறோம். படுக்கையருகே மாணவி என்ன செய்தாள், யார் பார்க்கச் செய்தாள், அவள் வந்ததால் நோயாளிக்கும் வார்டுக்கும் என்ன ஆயிற்று என்பதையும் எண்ண வேண்டும்; அதை இரு தரப்பும் சேர்ந்து, ஆண்டு முழுவதும், ஊர் பார்க்க எண்ண வேண்டும் என்பது என் வாதம்.

இந்திய நர்சிங் கவுன்சில் நெடுங்காலமாகக் கேட்டுவருபவை உங்களுக்குத் தெரிந்தவையே. கல்லூரிக்கு நூறு படுக்கை கொண்ட தாய் மருத்துவமனை வேண்டும். மாணவர் ஒருவருக்கு மூன்று நோயாளிகள் இருக்க வேண்டும். படுக்கைகளில் 75 விழுக்காடாவது நிரம்பியிருக்க வேண்டும். இணைப்பு மருத்துவமனை 15 முதல் 30 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். இவை தேவையான விதிகள். நோயாளியே இல்லாத கட்டடத்தில் யாரும் எதையும் கற்க முடியாது. ஆனால் இவை கற்பதற்கு இடமிருக்கிறதா என்று மட்டுமே சொல்லும், கற்றல் நடந்ததா என்று சொல்லாது. ஒரு சின்னக் கணக்கைப் பாருங்கள். முப்பது படுக்கை வார்டு ஒன்று. முக்கால் பங்கு நிரம்பியிருந்தால் இருபத்திரண்டு நோயாளிகள். ஒன்றுக்கு மூன்று என்றால் அங்கே ஏழு மாணவர்கள் நிற்கலாம். இரண்டு கல்லூரிகள் ஒரே வாரத்தில் தலா பத்துப் பேரை அங்கே அனுப்பினால், ஒவ்வொரு கல்லூரியும் மருத்துவமனையின் மொத்தப் படுக்கையைக் காட்டித் தன் விகிதம் சரி என்று எழுதிவிட முடியும். வார்டிலோ ஒரு நோயாளிக்கு ஏறத்தாழ ஒரு மாணவர். அதே வாரம் துணை மருத்துவ மாணவர்களும் வந்துவிட்டால் நிற்கவே இடமிருக்காது. யார் கணக்கும் பொய்யில்லை. ஆனால் கணக்குகளைக் கூட்டிப் பார்க்க ஆளில்லை. காரைக்குடி போன்ற ஊரில் இது கற்பனைக் கவலை அல்ல. சிவகங்கையில் 2012-இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி இங்கிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு மேல். பக்கத்தில் இருப்பவை காரைக்குடி அரசு தலைமை மருத்துவமனையும் தேவகோட்டை அரசு மருத்துவமனையும் சில தனியார் மருத்துவமனைகளும்தான். சுற்றியுள்ள கல்லூரிகளுக்கெல்லாம் அதே சில வார்டுகள்தான் வழி.

எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் மதிப்பீடு எவ்வளவு தூரம் கெட்டுப்போகும் என்பதற்கு மத்தியப் பிரதேசம் சாட்சி. அங்கே நர்சிங் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரப்பட்ட விதம் பற்றி உயர்நீதிமன்றத்துக்கு வழக்குப் போனது. கட்டடமும் ஆசிரியரும் மருத்துவமனையும் காகிதத்தில் மட்டுமே இருந்த கல்லூரிகள் பற்றிய குற்றச்சாட்டுகளை விசாரிக்கும் பொறுப்பை நீதிமன்றம் சிபிஐயிடம் ஒப்படைத்தது. 2024-இல், அந்த விசாரணையிலேயே கல்லூரிக்குச் சாதகமாக அறிக்கை எழுத லஞ்சம் வாங்கியதாக விசாரணை அதிகாரிகள் சிலர் கைதானார்கள். அடுத்த ஆண்டு மருத்துவக் கல்லூரி ஆய்வுகளில் லஞ்சம், போலி ஆசிரியர்கள், ஆய்வு நாளுக்காகக் கொண்டுவரப்பட்ட நோயாளிகள் என்று மற்றொரு சிபிஐ வழக்கு. நம் மாவட்டக் கல்லூரிகளின்மீது சந்தேகம் எழுப்ப இவற்றைச் சொல்லவில்லை. ஒரே ஒரு நாள் வெளியிலிருந்து ஒருவர் வந்து பார்த்து மதிப்பெண் போடும் முறையே பலவீனமானது என்பதற்காகச் சொல்கிறேன். அந்த ஒரு நாளை யாரும் தயாரித்துக்கொள்ளலாம். ஆண்டின் மற்ற முந்நூற்றுச் சொச்ச நாட்களை அப்படித் தயாரிக்க முடியாது. நேர்மையாக நடத்தும் கல்லூரிக்கும் இந்த முறையால் நட்டமே, தன் நேர்மையைக் காட்ட அதற்கு வேறு சான்று கிடைப்பதில்லை.

மோசடி இல்லாத இடத்திலும் கல்லூரிக்கும் பயிற்சி இடத்துக்கும் இடையிலான கூட்டு தோற்கும். 1975-இல் ஸ்ரீவாஸ்தவா குழு, மருத்துவக் கல்வி கிராமத்திலிருந்து விலகிப் போய்விட்டது என்று எச்சரித்தது. அதன் தொடர்ச்சியாக 1977-இல் மருத்துவக் கல்வியைத் திருப்பி அமைக்கும் திட்டம் நாடு முழுவதும் வந்தது. ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியும் மூன்று வட்டாரங்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களைப் பொறுப்பில் எடுக்க வேண்டும், மாணவர்கள் நடமாடும் மருத்துவ வண்டிகளில் அங்கே போய்ப் பயில வேண்டும் என்பது ஏற்பாடு. நோக்கம் நல்லது, உத்தரவு தெளிவானது, வண்டிகளும் வந்தன. ஆனாலும் திட்டம் வேர் பிடிக்கவில்லை. என் பார்வையில் அதற்குக் காரணம், பயிற்சி இடம் கல்லூரியின் பொறுப்பாகவே ஆகவில்லை என்பது. கல்லூரிக்கு அது போய்வரும் இடம், சுகாதார நிலையத்துக்கு மாணவர்கள் வந்துபோகும் விருந்தினர்கள். அங்கே நடந்தது நல்லதா கெட்டதா என்று இரு தரப்பிலும் யாரையும் யாரும் கேட்கவில்லை. இன்று முதுநிலை மருத்துவ மாணவர்கள் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்ற வேண்டும் என்று 2020-இல் விதி வந்திருக்கிறது, எம்.பி.பி.எஸ். மாணவர்கள் குடும்பங்களைத் தத்தெடுத்துத் தொடர்ந்து பார்க்கும் திட்டமும் நடைமுறையில் இருக்கிறது. எழுபதுகளில் கேட்காமல் விட்ட கேள்வியை இப்போதாவது கேட்காவிட்டால் இவையும் வருகைப் பதிவேட்டோடு முடிந்துபோகும்.

கூட்டு வேர் பிடித்த இடங்களும் உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் நர்சிங் கல்லூரி நெடுங்காலமாகக் கல்வியையும் சேவையையும் ஒன்றாக வைத்திருக்கிறது; அங்கே பாடம் நடத்துகிறவர்களுக்கு நோயாளியைப் பராமரிப்பதிலும் பொறுப்பு உண்டு. ஆசிரியர் வகுப்பில் சொன்னது ஒன்று, வார்டில் நடப்பது வேறொன்று என்ற பிளவு அதனால் குறைகிறது. ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தில் தொண்ணூறுகளில் தொடங்கி, பிறகு அமெரிக்காவின் போர்ட்லண்ட் பல்கலைக்கழகத்துக்கும் பரவிய ஒரு முறையில், ஒரு வார்டையே ஒரு கல்லூரிக்கான கற்பிக்கும் வார்டாக ஒதுக்கி, அந்த வார்டின் செவிலியர்களையே பயிற்சியாளர்களாக ஆக்குகிறார்கள். பின்லாந்தில் உருவாகிப் பல நாடுகளில் மொழிபெயர்க்கப்பட்ட ஒரு வினாத்தாள், வார்டு கற்பதற்கு உகந்த இடமா என்று மாணவர்களிடமே கேட்கிறது. அதை வைத்து நடந்த ஆய்வுகளில் அடிக்கடி மேலெழும் முடிவு, மாணவியின் அனுபவத்தைத் தீர்மானிப்பதில் முதலிடம் அவளை மேற்பார்வை செய்பவருடனான உறவுக்குத்தான் என்பது. கற்பதையும் வேலையையும் ஒரே இடத்தில் வைக்கும் யோசனை காரைக்குடிக்குப் புதியதல்ல. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்து வரவழைத்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953-இல் திறக்கப்பட்டது. அதே வளாகத்தில் பல்லாண்டுகளாக பி.டெக். படிப்பும் நடக்கிறது, ஆராய்ச்சி செய்யும் விஞ்ஞானிகளின் பக்கத்திலேயே மாணவர்கள் படிக்கிறார்கள். வேலை நடக்கும் இடத்தில், வேலை செய்பவரிடம் கற்பது என்பதை மின்வேதியியலுக்குச் செய்துகாட்டிய ஊர் இது.

அப்படியானால் எதை எண்ணுவது? முதலில் லாக் புக். 2021-22 முதல் நடைமுறைக்கு வந்த செமஸ்டர் பாடத்திட்டத்தில் மாணவி செய்த ஒவ்வொரு செயல்முறைக்கும் பதிவும் கையெழுத்தும் வேண்டும். ஆனால் போஸ்டிங் எனப்படும் வார்டுப் பயிற்சிக் காலம் முடியும் வாரத்தில் உட்கார்ந்து மொத்தமாக நிரப்பி, மொத்தமாகக் கையெழுத்து வாங்கும் லாக் புக்கில் எதுவும் தெரியாது. ஒவ்வொரு போஸ்டிங்கிலும் ஐந்தாறு லாக் புக்குகளை முன்னறிவிப்பின்றி எடுத்து, அதில் எழுதிய தேதியும் படுக்கை எண்ணும் வார்டின் கேஸ் ஷீட்டோடும் பிரசவப் பதிவேட்டோடும் ஒத்துப்போகிறதா என்று கல்லூரியிலிருந்து ஒருவரும் மருத்துவமனையிலிருந்து ஒருவரும் சேர்ந்து பார்த்தால் போதும். நோயாளியின் பெயர் அந்த மேசையைத் தாண்டக் கூடாது. அடுத்தது டியூட்டர். பத்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்று காகிதத்தில் இருப்பவர், மாணவிகள் வார்டில் இருந்த நேரத்தில் எத்தனை மணி நேரம் உடனிருந்தார்? பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டு, மதியம் அழைத்துப் போக மட்டும் வருகிறவர் இருக்கும் கூட்டும், படுக்கையருகே நின்று கையைப் பிடித்துத் திருத்துகிறவர் இருக்கும் கூட்டும் இன்றைய படிவங்களில் ஒரே மதிப்பெண் வாங்குகின்றன. மாணவி செய்தது எது, வேடிக்கை பார்த்தது எது, பிரஷர் பார்ப்பதும் படுக்கை விரிப்பதும் சீட்டை எடுத்துக்கொண்டு லேபுக்கு ஓடுவதும் எத்தனை நாள் என்பதையும் பிரித்து எழுத வேண்டும். அந்த வேலைகள் இழிவானவை என்பதற்காகச் சொல்லவில்லை. நான்காம் ஆண்டு மாணவியின் நாள் முழுவதும் அவற்றிலேயே போனால் அவள் ஊதியமில்லாத பணியாளர், அந்தக் கூட்டின் பெயர் பயிற்சி அல்ல.

பிறகு, கேட்கப்படாமலேயே இருக்கும் இரண்டு குரல்கள். ஒன்று நோயாளியுடையது. உங்களைத் தொட்டவர் மாணவி என்று சொன்னார்களா, சம்மதம் கேட்டார்களா, எத்தனை பேர் வந்து ஒரே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்தார்கள்? இந்த மூன்று கேள்விகளைத் தமிழில், பெயர் கேட்காமல், டிஸ்சார்ஜ் ஆகும்போது சிலரிடம் கேட்டாலே நிறையத் தெரிந்துவிடும். அரசு மருத்துவமனைக்கு வரும் ஏழைப் பெண் மறுப்பது தன் உரிமை என்பதை அறியாமல் பேசாமல் இருக்கிறார். அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எழுதிக்கொள்ள நமக்கு உரிமையில்லை. இன்னொன்று வார்டு சிஸ்டருடையது. ஒப்பந்தத்தில் கண்காணிப்பாளரும் முதல்வரும் கையெழுத்திடுகிறார்கள், மாணவிகளை நாள்தோறும் தாங்குகிறவரோ அவர். எந்தக் கல்லூரி மாணவி தயாராக வருகிறாள், யார் வந்தால் வேலை குறைகிறது, யார் வந்தால் இரட்டிப்பாகிறது என்பது அவருக்கு முதல் வாரத்திலேயே தெரியும். அவரைக் கேட்காத எந்த மதிப்பீடும் கூட்டின் பாதியைக்கூடப் பார்க்கவில்லை.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். ஏற்கெனவே ஆள் பற்றாக்குறை. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியே தொகுப்பூதியத்தில் வந்த செவிலியர்கள் பணிநிரந்தரம் கேட்டு ஆண்டுக்கணக்காகப் போராடிவருகிறார்கள். அவர்கள் தலையில் கற்பிக்கும் வேலையையும் ஏற்றி, அதற்கு ஒரு படிவத்தையும் கொடுப்பதா என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கற்பிக்கும் வேலை இப்போதே அவர்கள் தலையில்தான் இருக்கிறது, அதற்குப் பெயரும் நேரமும் காசும் இல்லை என்பது என் பதில். மாணவர் தலைக்கு இவ்வளவு என்று கல்லூரி கட்டணம் செலுத்தும் இடங்களில் அந்தப் பணத்தில் எவ்வளவு அந்த வார்டுக்குத் திரும்பியது என்பது மதிப்பீட்டின் ஒரு வரியாக இருக்க வேண்டும். திரும்பி வருவது பணமாகவே இருக்க வேண்டியதில்லை. மாணவர்கள் செலவழித்த கையுறைக்கும் சிரிஞ்சுக்கும் ஈடு, பயிற்சி தரும் செவிலியருக்குச் சான்றிதழோடு கூடிய பயிற்சி, முதுநிலை படிக்கக் கல்லூரி தரும் கட்டணச் சலுகை, ஒரு ஷிஃப்ட்டுக்கு ஒருவரைக் கற்பிப்பதற்கென்றே விடுவிக்கும் ஏற்பாடு என்று எதுவாகவும் இருக்கலாம். புதிய படிவங்களைப் பொறுத்தவரை, இப்போது எழுதிக் கட்டிவைக்கும் பதிவேடுகளில் யாரும் படிக்காத இரண்டை நிறுத்திவிட்டு ஒரு பக்கத் தாளைக் கொண்டுவாருங்கள். வேலை கூடாது.

எங்கள் தேர்ச்சி விகிதம் நன்றாக இருக்கிறதே, அதைவிடச் சான்று வேண்டுமா என்று சில கல்லூரிகள் கேட்கலாம். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத் தேர்வு மாணவியை மதிப்பிடுகிறது. எந்த மருத்துவமனை அவளுக்குக் கற்றுத்தந்தது, எது அவளை நிறுத்தி மட்டும் வைத்தது என்று அந்த மதிப்பெண் பட்டியலில் பிரித்துப் பார்க்க வழியில்லை. கெட்டிக்கார மாணவி மோசமான போஸ்டிங்கையும் தாண்டித் தேறிவிடுவாள், அதில் கூட்டுக்குப் பெருமையில்லை. வேறு சிலர், வார்டில் இடமில்லாவிட்டால் மேனிகின் வைத்து ஆய்வுக்கூடத்தில் பழக்கிவிடலாமே என்பார்கள். இது கவனித்துப் பதில் சொல்ல வேண்டிய கருத்து. அமெரிக்காவில் 2014-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, மருத்துவமனைப் பயிற்சி நேரத்தில் பாதி வரை ஆய்வுக்கூடப் பயிற்சிக்கு மாற்றினாலும் விளைவு குறையவில்லை என்று காட்டியது. இருபது பேர் சுற்றி நிற்க ஒருத்தி மட்டும் ஊசி போடும் வார்டைவிட, நல்ல ஆய்வுக்கூடம் மேல் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த முடிவு தேர்ந்த பயிற்றுநர்களையும், ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னும் உட்கார்ந்து பேசி அலசும் நேரத்தையும் உள்ளடக்கியது. பொம்மையை வாங்கி அலமாரியில் வைத்ததற்குப் பொருந்தாது. ஷிஃப்ட் மாறும்போது ஹேண்ட் ஓவர் கொடுப்பது, பயந்துபோன உறவினரிடம் பேசுவது, ஒரே நேரத்தில் நான்கு பேர் கூப்பிடும்போது யாரிடம் முதலில் போவது என்பதெல்லாம் வார்டில் வந்தால்தான் உண்டு.

முடிவுகளை வெளியிட வேண்டும் என்பதுதான் உங்களுக்கு மிகவும் கசக்கும் என்று நினைக்கிறேன். குறை எழுதினால் மருத்துவமனை அடுத்த ஆண்டு மாணவர்களைச் சேர்க்காது என்று கல்லூரி அஞ்சும். தங்கள் ஆள் பற்றாக்குறை அம்பலமாகும் என்று மருத்துவமனை அஞ்சும். அந்த அச்சம் பொய்யில்லை என்பதால்தான் மதிப்பீடு இருபுறமும் ஓட வேண்டும் என்கிறேன். கல்லூரி மருத்துவமனையைப் பற்றி எழுதும் தாளும், மருத்துவமனை கல்லூரியைப் பற்றி எழுதும் தாளும் ஒரே நாளில் மாற்றிக்கொள்ளப்படட்டும். முதல் ஆண்டு இரு தரப்புக்குள் மட்டும் இருக்கட்டும். திருத்திக்கொள்ள ஓராண்டு கிடைத்த பிறகு, இரண்டாம் ஆண்டிலிருந்து சுருக்கம் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் தெரியட்டும். நிலத்தை அடகு வைத்துப் பெண்ணை நர்சிங் சேர்க்கும் குடும்பத்துக்கு, அவள் எந்த வார்டில் யாரிடம் கற்பாள் என்று முன்னதாகத் தெரிந்துகொள்ள உரிமை உண்டு. மேலும் இந்த மதிப்பீடு நீங்கள் செய்யாவிட்டால் வராமல் போகும் ஒன்றுமல்ல. 1947-ஆம் ஆண்டின் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டத்துக்கு மாற்றாக 2023-இல் நிறைவேறிய தேசிய செவிலியர், மகப்பேறு உதவியாளர் ஆணையச் சட்டத்தில், கல்வி நிறுவனங்களை மதிப்பிட்டுத் தரம் பிரிக்கத் தனி வாரியத்துக்கே இடமிருக்கிறது. அந்த வாரியத்தார் வந்து கேட்கும்போது கையில் இரண்டு மூன்று ஆண்டுப் பதிவுகள் இருக்கும் கல்லூரி, வெள்ளையடித்துக் காத்திருக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன். பயிற்சி இடம் என்றால் படுக்கையுள்ள மருத்துவமனை என்று மட்டும் நினைக்கிறோம். நம்மைச் சுற்றியுள்ள செட்டிநாட்டின் ஊர்களில் பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, பெரிய வீடுகளில் முதியவர்கள் தனித்தோ துணைக்கு ஒருவரோடோ வாழ்கிறார்கள். சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் பக்கவாதமும் கண் மங்கலும் உள்ள இவர்களுக்கு வேண்டிய செவிலியம் பெரும்பாலும் வீட்டில்தான் நடக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், வீட்டுக்கே மருந்தும் இயன்முறைச் சிகிச்சையும் நோய் தணிப்புப் பராமரிப்பும் கொண்டுபோகிறது. அந்தக் குழுக்களோடும் ஆரம்ப சுகாதார நிலையங்களோடும் முறையான பயிற்சிக் கூட்டு வைத்தால், நெரிசலான வார்டிலிருந்து சில மாணவர்கள் குறைவார்கள், இந்தப் பகுதிக்கு மிகவும் தேவைப்படும் திறனும் வளரும். படுக்கையை மட்டும் எண்ணும் மதிப்பீட்டில் இந்தக் கூட்டுக்கு மதிப்பெண்ணே கிடைக்காது, வீட்டில் கவுன்சில் கேட்கும் படுக்கை இல்லையே! செய்ததையும் கற்றதையும் எண்ணினால், புண்ணுக்குக் கட்டுப் போட்ட ஒரு வீட்டு வருகை, வார்டில் வெறுமனே நின்ற ஒரு காலையைவிட உயர்வாகவே வரும்.

ஆகவே உங்களிடம் ஒரு கோரிக்கை. அடுத்த போஸ்டிங் பட்டியல் போடுவதற்கு முன், காரைக்குடி அரசு தலைமை மருத்துவமனைக்கு மாணவர்களை அனுப்பும் எல்லாக் கல்லூரிகளும் ஒரே மேசையில் உட்காருங்கள். எந்த வாரம் எந்த வார்டில் எந்தக் கல்லூரியின் எத்தனை பேர் என்று ஒரே அட்டவணை போடுங்கள். ஒன்றுக்கு மூன்று என்ற விகிதத்தைக் கல்லூரி வாரியாக அல்லாமல் வார்டு வாரியாகக் கணக்கிடுங்கள். ஒரு பக்க மதிப்பீட்டுத் தாளை அங்கேயே எழுதி முடியுங்கள். அதற்கு மகப்பேறு வார்டையும் அறுவைச் சிகிச்சை வார்டையும் முதலில் எடுத்துக்கொண்டாலே போதும். அந்தக் கூட்டத்துக்கு அந்த இரண்டு வார்டு சிஸ்டர்களையும் அழையுங்கள், அன்று அவர்களுக்கு மாற்று ஆள் போட்டுவிட்டு.

மரியாதையுடன்,
காரைக்குடியிலிருந்து.